ஸ்காலர் நகரவில்லையா? முதலில் ஃபுட் வால்வைப் பாருங்கள்

கிணற்று மோட்டாரைப் போட்டாலும் தண்ணீர் ஏறவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வந்ததும் மோட்டாரைக் கழற்ற மாட்டார். மூன்று பேஸும் வருகிறதா என்று பார்ப்பார். அப்புறம் ஃபியூஸ். அப்புறம் குழாயில் காற்று பிடித்திருக்குமோ என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் சருகு அடைத்திருக்கிறதா என்று துழாவுவார். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்துவிட்டதா என்பது கடைசிக் கேள்வி. காயில் கட்ட ஆயிரக்கணக்கில் ஆகும், குடம் தண்ணீருக்குச் செலவில்லை.

ஸ்காலர், அதாவது பிஎச்டி ஆராய்ச்சி மாணவர் விஷயத்தில் கைடுகள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். “பையன் சரியில்லை”, “அந்தப் பிள்ளைக்கு ஆர்வம் கிடையாது” என்று எடுத்த எடுப்பில் காயிலுக்குப் போய்விடுகிறோம். நான் பாளையங்கோட்டையில் 15 வருடமாகக் கைடாக இருக்கிறேன். தாமிரபரணிப் பாசனக் குளங்களின் நீர்த்தரம் என் துறை. இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் என் பக்கத்து ஃபுட் வால்வில்தான் இருந்தன. அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் சோதனை நம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. நியாயம் பார்த்துச் சொல்லவில்லை. ஸ்காலரின் சுபாவத்தை நம்மால் மாற்ற முடியாது. நம் வழக்கத்தை இந்த வாரமே மாற்றலாம். அது சுலபம், அவ்வளவுதான்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு மோட்டார் எப்படிச் சத்தம் போடுகிறதோ அந்த இடத்துக்குப் போங்கள்.

“சரி மேடம்” என்கிறார், அடுத்த வாரமும் ஒன்றும் நடக்கவில்லை

நம் பக்கத்தில் வாத்தியாரிடம் “முடியாது”, “புரியவில்லை” என்று சொல்வது மரியாதைக் குறைவு. ஸ்காலர் சொல்லும் “சரி மேடம்” என்பதற்கு “நீங்கள் பேசியது காதில் விழுந்தது” என்று மட்டுமே பொருள். நாமோ அதை ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

“புரிஞ்சுதா?” என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அதற்குப் பதில், “நாளைக்குக் காலையில லேபுக்கு வந்ததும் முதல்ல எதைக் கையில எடுப்பே?” என்று கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கிறது. முகட்டைப் பார்த்தால் நீங்கள் சொன்னது தெளிவாக இல்லை. திரும்பச் சொல்லுங்கள், இந்த முறை இன்னும் சின்னதாக.

அப்புறம், அறையை விட்டுப் போவதற்கு முன் ஸ்காலர் எனக்கு வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்ப வேண்டும் என்று வைத்திருக்கிறேன். என்ன முடிவாயிற்று, நான் என்ன செய்யப்போகிறேன், மேடத்திடமிருந்து எனக்கு என்ன வேண்டும். அந்த மூன்றாவது வரிக்காகத்தான் மற்ற இரண்டும். ஆரம்பத்தில் எல்லாரும் “ஒன்றும் வேண்டாம்” என்றுதான் எழுதுவார்கள். நான் விடுவதில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் எழுதினாள்: “மேடம், 10 மில்லி பிப்பெட் ரெண்டும் உடைஞ்சுட்டு.” எப்போது உடைந்தது என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாலாம். நான் கேட்டபோது பொங்கல் முடிந்திருந்தது.

இதற்குப் பிறகும் நகரவில்லை என்றால், ஒரு தாளை எடுத்து இந்த மாதம் அவருக்கு நீங்கள் கொடுத்த வேலைகளை எல்லாம் எழுதுங்கள். நான் ஒருமுறை எழுதியபோது 11 வந்தது. அதில் 4 அவர் தீசிஸுக்குச் சம்பந்தமே இல்லாதவை: துறை ஃபைல், கருத்தரங்குச் சான்றிதழ், பரீட்சைப் பேப்பர் கட்டு, என் மகளின் ஸ்கூல் ஃபீஸ் வரிசை. கடைசியை எழுதும்போது கை கூசியது. கைடு வீட்டுக் கல்யாணத்தில் ஸ்காலர்கள் பந்தி பரிமாறுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அது தப்பு என்றே தோன்றாமல் போய்விட்டது. தப்புதான்.

ஆளையே காணோம்

மூன்று வாரமாக வரவில்லை, போன் எடுக்கவில்லை. முதலில் காலண்டரைப் பாருங்கள். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்கு மொத்தக் குடும்பமும் போகும். சித்திரை, ஆடியில் ஊர்க் கொடை என்கிற கோயில் திருவிழா. பிசான நெல் நடவு நேரத்தில் வயலுக்கு ஆள் கிடைக்காது. லீவு கேட்டால் திட்டு விழும் என்று பயந்தவர்கள் கேட்காமலே மறைந்துவிடுகிறார்கள். வருடத் தொடக்கத்திலேயே “உங்க ஊர்க் கொடை எப்போ?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் இந்தக் கோளாறு வராது. நான் குறித்திருக்கிறேன், சில கொடைகளுக்குப் போய்ப் பொங்கலும் சாப்பிட்டிருக்கிறேன்.

அடுத்தது பணம். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு தரும் ஜேஆர்எஃப் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குகிறவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. நம் கல்லூரிகளில் அது இல்லாமல் படிப்பவர்கள்தான் அதிகம். காலையில் ட்யூஷன், சாயந்திரம் கடைக் கணக்கு. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். “செலவுக்கு என்ன பண்றே?” என்ற கேள்வியை நான் முதல் மாதத்திலேயே கேட்டுவிடுகிறேன். தெரிந்தால் நீர் மாதிரி எடுக்கும் நாளை அதற்கு ஏற்ப மாற்றலாம். தெரியாவிட்டால் சோம்பேறி என்று பட்டம் கட்டுவோம்.

இரண்டும் இல்லை என்றால் வெட்கம். வேலை முடியவில்லை, வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது என்று ஒரு வாரம் தள்ளுவார். தள்ளிய வாரத்தால் வெட்கம் இரட்டிப்பாகும். “எங்கே இருக்கிறாய், உடனே பேசு” என்று செய்தி அனுப்பினால் இன்னும் உள்ளே போய்விடுவார். நான் அனுப்புவது: “வியாழன் 11 மணிக்கு வா. ஒண்ணும் கொண்டுவர வேண்டாம். டீ குடிப்போம்.” வந்த அன்று வேலையைப் பற்றிப் பத்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை.

தரவு இடிக்கிறது, ஸ்காலர் கதை கட்டுகிறாரோ என்று சந்தேகம்

கைடுகள் அதிகம் அவசரப்படுவது இந்த அறிகுறியில்தான். நானும் அவசரப்படப் பார்த்தேன்.

ராஜவல்லிபுரம் பக்கத்துக் குளங்களில் நீரில் கரைந்த ஆக்சிஜனை ஒரு பையன் அளந்துகொண்டிருந்தான். மாதம் இருமுறை, விடியற்காலை ஒரு நீர் மாதிரி, மதியம் இன்னொன்று. ஏழாம் மாதம் அட்டவணையைக் கொண்டுவந்து வைத்தான். விடியற்காலை லிட்டருக்கு 9.2 மில்லிகிராம். மதியம் 6.1. பாசி பச்சைப்பசேலென்று மிதக்கிற குளம் அது. ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தின்றிருக்கும், விடியும்போது அளவு அடிமட்டத்தில் இருக்க வேண்டும். வெயில் ஏற ஏற ஒளிச்சேர்க்கையால் கூடிக்கொண்டே போய் மதியத்துக்கு மேல் உச்சிக்குப் போகும். 28 டிகிரியில் நல்ல தண்ணீரே காற்றிலிருந்து பிடித்துவைத்துக்கொள்ளக்கூடியது சுமார் 7.8தான். விடியற்காலையில் 9.2 எங்கிருந்து வந்தது?

வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. வாய்வரை வந்த வார்த்தையை டீயோடு சேர்த்து விழுங்கினேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது: கதை கட்டுகிறவன் இப்படிக் கட்ட மாட்டானே. பாடப் புத்தகத்தைப் பார்த்துக் காலையில் குறைவு, மதியம் அதிகம் என்று அழகாக எழுதியிருப்பான். யாருக்கும் கற்பனையில் வராத தப்பு இது. அப்படியென்றால் நிஜமாகவே அளந்திருக்கிறான்; அளந்த விதத்தில்தான் ஏதோ கோளாறு.

அடுத்த முறை காலை ஐந்தரைக்கு என் ஸ்கூட்டியில் நானும் போனேன். முழங்கால் தண்ணீரில் இறங்கி, 300 மில்லி கண்ணாடி பாட்டிலை நீருக்குள் சாய்த்து, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, உள்ளேயே மூடினான். அவ்வளவு சுத்தமான கை. இதற்கு அடுத்து, கரையிலேயே மாங்கனீசு சல்பேட், கார அயோடைடு என்ற இரண்டு ரீஏஜன்ட்களையும் விட்டு ஆக்சிஜனைக் கட்டிவைக்க வேண்டும். பழுப்பு வீழ்படிவு இறங்கிவிட்டால் பிறகு லேபில் அமிலம் விட்டு நிதானமாக டைட்ரேட் செய்து அளவைக் கண்டுபிடிக்கலாம். அவனோ பாட்டிலை அப்படியே கொண்டுபோய் பைக்கின் கம்பிக் கூடையில் வைத்தான். அடுத்த குளம். அதற்கடுத்த குளம். லேபுக்கு வந்தபோது மணி 11. கண்ணாடிக்குள் பாசி, வெளியே நாலரை மணி நேர வெயில். பாட்டிலுக்குள்ளேயே ஆக்சிஜன் தயாராகிக்கொண்டு வந்திருக்கிறது! மதிய மாதிரியோ சாயந்திரம் வரை இருட்டு அலமாரியில் இருந்து அங்கே குறைந்திருக்கிறது.

“ரீஏஜன்ட் எங்கப்பா?”

“முதல் மாசம் கொண்டுபோனேன் மேடம். மூடி சரியில்ல. பையில கொட்டி பை ஓட்டையாயிட்டு, தொடையிலயும் பட்டுட்டு.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

குனிந்துகொண்டான். பதில் எனக்கே தெரியும். அவன் சேர்ந்த புதிதில் “சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எங்கிட்ட வந்து நிக்காதே” என்று சொன்னவள் நான்தான். கசியாத இரண்டு பிளாஸ்டிக் சொட்டுப் பாட்டில்கள் நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஏழு மாத ஆக்சிஜன் கணக்கை மொத்தமாக அடித்துவிட்டு மறுபடி தொடங்கினோம்.

ஆகவே தரவு இடித்தால் எக்செல்லைப் பார்த்து வாதம் பண்ணாதீர்கள். களநோட்டைக் கேளுங்கள். சேற்றுக்கறையும் இரண்டு நிற மையும் அடித்தல் திருத்தலுமாக இருந்தால் அது குளக்கரையில் எழுதியது. முத்து முத்தாக ஒரே மையில் இருந்தால் பிறகு படியெடுத்தது, மூலத்தைக் கேளுங்கள். “இதை எழுதும்போது எங்க நின்னே? அன்னைக்கு வேற என்ன பார்த்தே?” என்று கேளுங்கள். போனவர் எருமை இறங்கியதைச் சொல்வார், மடை திறந்திருந்ததைச் சொல்வார், வழியில் பஞ்சர் ஆனதைச் சொல்வார். அதற்குப் பிறகு ஒரு நாள் கூடவே போங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு நிஜமாகவே இட்டுக்கட்டியது என்று தெரிந்தால் அங்கே இரக்கத்துக்கு இடமில்லை. அந்தத் தரவு தீசிஸில் வரக்கூடாது, ஆராய்ச்சியை மேற்பார்வையிடும் டாக்டோரல் கமிட்டிக்குத் தெரிய வேண்டும். ஆனால் அது கடைசிப் படி.

களவேலை முடிந்தது, எழுத்து மட்டும் வரவில்லை

பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதித் தேறி, இப்போது இருநூறு பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நம் ஸ்காலர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் ஜாதகம். ‘எழுத்து வரவில்லை’ என்பதில் இரண்டு நோய் கலந்திருக்கும்: என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாதது ஒன்று, தெரிந்ததை ஆங்கிலத்தில் சொல்ல வராதது இன்னொன்று. பிரித்துப் பார்க்காமல் மருந்து கொடுத்தால் வேலை செய்யாது.

பிரிப்பது சுலபம். லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். வரைபடத்தை மட்டும் மேசையில் வைத்து, “இது என்ன சொல்லுதுன்னு உங்க அம்மாகிட்ட சொல்ற மாதிரி சொல்லு” என்று கேளுங்கள். வள்ளியூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி மூன்று மாதமாக ஒரு பத்திகூட எழுதாமல் அழுதுகொண்டிருந்தாள். இப்படிக் கேட்டதும் சொன்னாள்: “கோடையில உப்பு ஏறுது மேடம். மழை வந்ததும் எல்லாக் குளத்துலயும் இறங்கிருது. இந்த ரெண்டுல மட்டும் இறங்கல. ரெண்டுக்கும் மேல செங்கச்சூளை இருக்கு.” முடிவுகள் அத்தியாயத்தின் முதல் பத்தி அதோடு தயார். போனில் பதிவு செய்திருந்தேன். அவளே கேட்டு எழுதினாள், பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆங்கில வரி. முதல் நோய் அவளுக்கு இல்லவே இல்லை.

தமிழிலும் சொல்ல வராவிட்டால் எழுத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தரவுக்குத் திரும்பிப் போங்கள்.

திருத்தம் விஷயத்தில் நாம் செய்யும் அட்டூழியம் தனி. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. அந்தத் தாளைக் கையில் வாங்கும்போது ஸ்காலரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். நான் இப்போது முதல் வாசிப்பில் வாதத்தை மட்டும் பார்க்கிறேன், ஆர்ட்டிகிள், கமா பக்கமே போவதில்லை. இரண்டாம் வாசிப்பில் பத்தி ஒழுங்கு. இலக்கணம் கடைசியில். இன்னொன்று: ஸ்காலர் தாமதிக்கிறார் என்று புலம்புவதற்கு முன், அவர் கொடுத்த அத்தியாயம் உங்கள் மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து நாளில் திருப்பித் தருகிறேன் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாண்டினால் அவர்கள் நினைவுபடுத்தலாம். ஒருத்தர்கூடத் தைரியமாக நினைவுபடுத்தியதில்லை என்பதும் உண்மை.

காப்பியடித்தல் பெரும்பாலும் இந்த நோயின் பின்விளைவு. சொந்த ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாதவர் இன்னொருவரின் வாக்கியத்தைக் கடன் வாங்குகிறார். 2018 யுஜிசி விதிப்படி மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை போனால் ஒரு வருடம் சமர்ப்பிக்கவே முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. இதை முதல் வருடமே சொல்லுங்கள். மென்பொருள் அறிக்கை வந்த அன்று சொல்வது பயமுறுத்தல், அதற்கு முன் சொன்னால்தான் பயிற்சி.

எல்லாவற்றுக்கும் நம்மிடமே வந்து நிற்கிறார்

“வராதே” என்று சொல்லிக் குணப்படுத்தப் பார்த்தவளின் கதையை மேலே படித்தீர்கள். இப்போது நான் சொல்வது: “வா. ஆனா ரெண்டு வழியோட வா. எது உனக்குப் பிடிச்சிருக்கு, ஏன்னு சொல்லு.” முதல் சில முறை இரண்டு வழியும் மோசமாக இருக்கும். பரவாயில்லை, மோசமானதிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள், நஷ்டம் சின்னதாக இருக்கிறவரை.

வேலையைக் கைமாற்றுவதற்கும் படிகள் உண்டு. நான் செய்வதை அவர் பார்ப்பது, இருவரும் சேர்ந்து செய்வது, அவர் செய்வதை நான் பார்ப்பது, அவர் ஜூனியருக்குச் சொல்லிக்கொடுப்பது. பலர் முதல் படியிலிருந்து நேரே கடைசிக்குத் தாவுகிறோம். ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு என் ஸ்காலர்களைத் தன்னார்வலராக அனுப்புவதற்கும் இதுதான் காரணம். அங்கே கைடு கிடையாது. கரையில் நின்று, வரித்தலை வாத்து எத்தனை என்று தானே எண்ணி, தானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வெள்ளம் வந்து திட்டத்தையே அடித்துக்கொண்டு போயிற்று

2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. என் மாணவி ஒருத்தியின் மூன்று குளங்களில் இரண்டு கரை உடைந்தன. “அடுத்த வருஷம் சாதாரணமா இருக்கும், காத்திரு” என்று சொல்ல வாயெடுத்தேன். வெள்ளத்துக்கு முன் 14 மாதத் தரவு அவளிடம் இருக்கிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. கேள்வியை மாற்றினோம்: முன், பின். பழைய தலைப்பைவிட இது நல்ல தலைப்பு. தலைப்பை மாற்ற கமிட்டி ஒப்புதல் வேண்டும், அந்தக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

“48 மணி நேரத்தில் ஏற்பு” என்று ஒரு ஜர்னலைக் காட்டுகிறார்

அவசரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2022 யுஜிசி விதிமுறையில் தீசிஸுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். ஏற்கத்தக்க ஜர்னல்களின் ‘கேர்’ பட்டியலையும் 2025இல் யுஜிசி நிறுத்திவிட்டது, ஆகவே நல்ல ஜர்னல் எது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு இப்போது முழுக்க நம் தலையில். அந்த ஜர்னலின் ஆசிரியர் குழுவில் யாராவது ஒருவரின் பெயரை எடுத்து, அவருடைய சொந்தப் பக்கத்தில் அந்த ஜர்னலைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று ஸ்காலரையே தேடச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் தானே வேண்டாம் என்பார்.

தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, சட்டென்று கண் கலங்குகிறது

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 26 நாடுகளின் ஆராய்ச்சி மாணவர்கள் உள்ளிட்ட 2,279 பேரிடம் கேட்டார்கள். பொதுமக்களைவிட ஆறு மடங்குக்கு மேல் பதற்றமும் மனச்சோர்வும் இவர்களிடம் காணப்பட்டன. ஆகவே “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை” என்று ஆரம்பிக்காதீர்கள். அன்றைக்கு வேலையைப் பற்றிப் பேச வேண்டாம். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காரச் சொல்லுங்கள், கேளுங்கள், தீர்வு சொல்லாதீர்கள். இது நம் படிப்புக்கு வெளியே உள்ள விஷயம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416, தமிழிலும் பேசலாம். எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடாமல், “இங்கேயே உட்கார்ந்து பேசு, நான் வெளியே இருக்கேன்” என்று சொன்னால் பேசுவார்கள். வெளியே இருக்கும் நேரத்தில் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

பெண் ஸ்காலர்களுக்குக் கல்யாணம், பிரசவம் என்றால் நான் விதியை எடுத்துக் காட்டிவிடுகிறேன்: மொத்தக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, முடிக்கும் காலத்திலும் இரண்டு வருடத் தளர்வு உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டுவதற்காகவே ஒரு பிரதி கேட்டு வாங்கிப்போனவர்கள் இருக்கிறார்கள்.

வேறு கைடிடம் போக வேண்டும் என்கிறார்

நேரில் வந்து சொன்னால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பெரும்பாலும் துறைத் தலைவர் மூலமாகத்தான் காதுக்கு வரும். வலிக்கும். எனக்கு ஒருமுறை வந்தபோது இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எது மாறினால் இருப்பே?” பதில் வந்தால், மாற்றக்கூடியதா என்று பாருங்கள். வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். சேர்ந்த நாளிலிருந்து முடிப்பதற்கான ஆறு வருடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நம் ரோஷத்துக்காக அதில் ஆறு மாதத்தைத் தின்ன வேண்டாம். தடையில்லாக் கடிதத்தை அந்த வாரமே கொடுங்கள். இதுவரை எடுத்த தரவில் எந்தக் கட்டுரைக்கு யார் பெயர், எந்த வரிசை என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்; புதிய கைடுக்கும் ஒரு பிரதி. ஃப்ரீசரில் அவருடைய மாதிரிகள் எந்தத் தட்டில், எந்தக் குளம், எந்தத் தேதி என்று லேபிள் ஒட்டிக் கொடுங்கள். கொண்டுபோகும்போது ஐஸ் பெட்டி வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.